‘நட்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் போர்ச்சுகீசியத்தில் எப்படிப் பிரிப்பது? முந்திரி உடைக்கும் இயந்திரக் கையேடு குறித்து

கருங்கல் மொழிபெயர்ப்பாளர்

எல்லோருக்கும் வணக்கம். மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு பட்டறையில் செய்யப்பட்ட முந்திரிக்கொட்டை உடைக்கும் இயந்திரங்கள் இரண்டு, மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கினி-பிசாவு நாட்டுக்குச் செல்ல இருக்கின்றன. அந்நாட்டின் ஆட்சிமொழி போர்ச்சுகீசியம் என்பதால், இயந்திரத்தோடு போகும் 38 பக்க ஆங்கிலக் கையேட்டை அந்த மொழியில் ஆக்கித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். கோவாவில் வேலை பார்த்த ஐந்து ஆண்டுகளில் போர்ச்சுகீசியத்தை முறையாகப் படித்தேன். கடிதங்களையும் சான்றிதழ்களையும் மொழிபெயர்த்த பழக்கம் உண்டு. இயந்திரக் கையேட்டைக் கையில் எடுப்பது இதுவே முதல் முறை.

சிக்கல் ‘நட்’ என்ற ஒரே சொல்லில் இருக்கிறது. கையேட்டில் அது 71 இடங்களில் வருகிறது. போல்ட்டில் முடுக்கும் இரும்பு நட்டுக்கும் அதுதான் சொல், தோட்டத்திலிருந்து ஓட்டோடு வரும் கொட்டைக்கும் அதுதான், ஓட்டை உடைத்து எடுத்த பருப்புக்கும் அதுதான். போர்ச்சுகீசியத்தில் இரும்பு நட்டு ‘போர்கா’. ஓட்டோடு கூடிய கொட்டை ‘கஸ்தாஞா’. உள்ளிருக்கும் பருப்பு ‘அமேந்துவா’. மொழிபெயர்ப்பு மென்பொருளில் ‘நட்’ என்றால் ‘கஸ்தாஞா’ என்று நான் தொடக்கத்திலேயே பதிந்து வைத்துவிட்டதால், 9ஆம் பக்கத்தில் 19 மி.மீ. ஸ்பேனரைக் கொண்டு முந்திரிக்கொட்டையை இறுக்கச் சொல்லும் வாக்கியம் வந்து நின்றது. அதைக் கண்டபோது எனக்கு உண்மையாகவே அச்சம் உண்டாயிற்று, ஏனெனில் அந்த இயந்திரத்தில் இருப்பவை கூரிய கத்திகள். அதன் அருகில் கையை வைக்கப்போகிறவர் என் எழுத்தை நம்பித்தான் வைப்பார்.

பதிவை அழித்துவிட்டு 71 இடங்களையும் ஒவ்வொன்றாகப் படித்துப் பிரித்தேன். 28 இடங்களில் இரும்பு, 27 இடங்களில் கொட்டை, 12 இடங்களில் பருப்பு, 3 இடங்களில் வெறும் மரபுத்தொடர். எஞ்சியிருக்கும் ஓர் இடம் மட்டும் எந்தப் பக்கமும் சேர மறுக்கிறது. அதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் நான் செய்த பிரிவினை சரியா என்று இத்தொழில்களை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

தக்கலை பட்டறைக்காரர்

எனக்குப் போர்ச்சுகீசியம் ஒரு சொல்லும் தெரியாது, அம்மா. ஆனால் இரும்பு நட்டு என்று நீங்கள் ஒதுக்கி வைத்த 28 இடங்களும் ஒரே வகை நட்டுகளாக இருக்க முடியாது என்பதை லேத்தில் முப்பது ஆண்டுகள் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன். இத்தகைய இயந்திரத்தில் சாதாரண ஆறுமூலை நட்டு இருக்கும். அதிர்வில் அது கழன்றுவிடாமல் இருக்க அதன் மேல் இன்னொன்றை முடுக்கியிருப்பார்கள். அதை நாங்கள் செக் நட்டு அல்லது லாக் நட்டு என்போம். மூடியைக் கையாலேயே திறந்து மூடுவதற்கு விங் நட்டு இருக்கும். கத்தி சுழலும் தண்டின் ஒரு முனையில் இடது மரை நட்டு இருக்கவும் வாய்ப்பு உண்டு. கடைசியாகச் சொன்னது மிகவும் முக்கியம். அதைக் கழற்றுகிறவர் வழக்கமான திசையில் திருப்பினால் நட்டு மேலும் இறுகும், பலம் கொடுத்தால் மரை போய்விடும். ஆங்கிலத்தில் வெறும் ‘நட்’ என்று எழுதியிருந்தாலும், அந்த இடத்தில் எது இருக்கிறது என்று படத்தைப் பார்த்தோ நேரில் பார்த்தோ எழுதுங்கள்.

கருங்கல் மொழிபெயர்ப்பாளர்

மிக்க நன்றி, அண்ணாச்சி. செக் நட்டுக்குப் போர்ச்சுகீசியத்தில் ‘கோந்த்ரபோர்கா’ என்ற சொல் இருக்கிறது. எதிராக நின்று தாங்கும் நட்டு என்பது அதன் பொருள். விங் நட்டைப் பிரேசிலில் ‘போர்கா போர்போலேத்தா’, அதாவது வண்ணத்துப்பூச்சி நட்டு என்கிறார்கள். போர்ச்சுகலில் ‘போர்கா த ஒரேல்யாஸ்’, காது வைத்த நட்டு. கினி-பிசாவின் எழுத்து வழக்கு போர்ச்சுகலை ஒட்டியது என்பதால் காது நட்டையே எழுதப்போகிறேன். இடது மரை நட்டு இரண்டு இடங்களில் இருப்பதைப் படங்களில் இப்போதுதான் கவனித்தேன். ஆங்கிலக் கையேட்டில் அது பற்றி ஒரு சொல்லும் இல்லை. மூலத்தில் இல்லாததைச் சேர்க்கலாமா என்று தயங்கினேன், பிறகு திருப்ப வேண்டிய திசையோடு சேர்த்தே எழுதிவிட்டேன்.

இன்னொன்றையும் இங்கே குறித்துவிடுகிறேன். ‘போர்கா’ என்ற சொல்லுக்குப் பெண்பன்றி என்ற பொருளும் உண்டு. கையேட்டை மேற்பார்த்த பட்டறை இளைஞர் ஒருவர் இணைய அகராதியில் அதைப் பார்த்துவிட்டு, இந்தச் சொல்லை உடனே நீக்குங்கள் என்று கவலையோடு எழுதியிருந்தார். வீணையில் தந்தியைத் தாங்கும் பாகத்தை நாம் குதிரை என்கிறோம், அதைக் கேட்ட யாரும் லாயத்தைத் தேடிப் போவதில்லை. அதுபோலத்தான் இதுவும் என்று விளக்கிய பிறகே அவருக்கு மனம் அமைதி அடைந்தது.

பிசாவு போய்வந்தவர்

அக்கா, அண்டி, அதாவது ஓட்டோடு கூடிய முந்திரிக்கொட்டை வாங்குவதற்காக நான்கு கொள்முதல் பருவங்கள் பிசாவில் தங்கியிருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அங்கே பருவம் பெரும்பாலும் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை உச்சத்தில் இருக்கும். நாட்டின் ஏற்றுமதி வருவாயில் மிகப்பெரும் பங்கு முந்திரிக்கொட்டையிலிருந்தே வருகிறது. அந்தக் கொட்டையில் பெரும்பகுதியும் இந்தியாவுக்கும் வியட்நாமுக்கும்தான் ஓட்டோடு கப்பல் ஏறுகிறது. ஆகவே ‘கஸ்தாஞா’ என்றதும் அங்குள்ளவர் மனத்தில் எழுவது சாக்கில் இருக்கும், ஓடு நீக்காத, சாம்பல் நிறக் கொட்டைதான். அந்த வகையில் உங்கள் தேர்வு சரி.

ஆனால் லிஸ்பன் நகரத்தில் இதே சொல் தனியாக வந்தால் அது முந்திரியே அன்று. அங்கே நவம்பர் மாதத்தில் தெருவோரம் சுட்டு விற்கும் வேறொரு மரக்கொட்டை அது. இந்தக் கையேடு நாளை மற்றொரு போர்ச்சுகீசிய நாட்டுக்கும் போகலாம் என்பதால், முதல் முறை வரும் இடத்தில் ‘கஸ்தாஞா த கஜு’ என்று முழுமையாக எழுதி, பிறகு சுருக்கிக்கொள்ளுங்கள். ‘நோஸ்’ என்ற சொல்லை மட்டும் எந்த இடத்திலும் பயன்படுத்த வேண்டாம். அகராதியில் ‘நட்’ என்று தேடினால் முதலில் அதுதான் வரும், ஆனால் அதைப் படிப்பவர் வால்நட்டையே நினைப்பார்.

‘அமேந்துவா’ பற்றியும் ஓர் எச்சரிக்கை. அச்சொல்லின் முதற்பொருள் பாதாம். முந்திரித் தொழிலில் இருப்பவர்களுக்கு அது பருப்பைக் குறிக்கும் தொழிற்சொல்; பிரேசிலிலும் மொசாம்பிக்கிலும் அப்படித்தான் வழங்குகிறார்கள். தொழிலுக்குப் புதியவருக்கோ, முந்திரியை உடைத்தால் பாதாம் வருகிறது என்று எழுதியதைப் போலத் தோன்றும்.

ஏற்றுமதி ஆவண எழுத்தர்

மேலே சொன்னதோடு ஆவணங்களின் நிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பன்னாட்டுச் சுங்கப் பட்டியலில் ஓட்டோடு கூடிய முந்திரி 0801.31, ஓடு நீக்கியது 0801.32. பாதாமுக்கு 0802.11, 0802.12 என்று தனி எண்கள். பட்டியலின் போர்ச்சுகீசிய வடிவத்தில் முந்திரிக்கு ‘அமேந்துவா’ என்ற சொல்லே வருவதில்லை; ‘கோம் கஸ்கா’, ‘ஸேம் கஸ்கா’, அதாவது ஓட்டுடன், ஓடில்லாமல் என்று மட்டுமே பிரித்திருக்கிறார்கள். ஒரு சரக்குப் பட்டியலில் பருப்பை ‘அமேந்துவா’ என்று மட்டும் எழுதி அனுப்பியதால், எங்கள் சரக்கு பாதாம் என்று கருதப்பட்டு விளக்கக் கடிதம் கொடுக்கும்வரை துறைமுகத்தில் நின்ற அனுபவம் எனக்கு உண்டு. அந்தத் தவறு முழுவதும் எங்கள் பக்கத்தினுடையது. கையேட்டில் உங்கள் விருப்பப்படி எழுதலாம், ஆனால் பெட்டியின் மேல் ஒட்டும் தாளில் சுங்கப் பட்டியலின் சொற்களையே வையுங்கள்.

நாகர்கோவில் நிரலர்

நான் இந்த விவாதத்தில் சற்று மாறுபடுகிறேன். ஒரு கையேட்டில் ஒரு சொல்லுக்கு ஓர் இணை என்ற சீர்மை இல்லாமல் போனால், அடுத்த பதிப்பைத் திருத்துகிறவர் எதை நம்பித் திருத்துவார்? மென்பொருள் செய்த பிழைக்கு மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. மூலத்திலேயே ‘நட்’ மூன்று பொருளில் கிடக்கிறது என்றால், முதலில் ஆங்கிலத்தைத் திருத்துங்கள். இரும்புக்கு ஹெக்ஸ் நட், கொட்டைக்கு ரா நட், பருப்புக்கு கெர்னல் என்று ஆங்கிலப் பிரதியில் மாற்றிவிட்டால், மென்பொருளே பிழையின்றி மாற்றித்தரும். 71 இடங்களைக் கண்ணால் பிரிப்பது இந்த முறைக்கு நடக்கும். 300 பக்கக் கையேட்டுக்கு நடக்காது.

கருங்கல் மொழிபெயர்ப்பாளர்

தம்பி, நீங்கள் சொல்வதில் பாதியை முழு மனத்தோடு ஏற்கிறேன். ஆங்கிலப் பிரதியை அப்படித் திருத்திப் பட்டறைக்கு அனுப்பப்போகிறேன், அடுத்த மொழிக்கு அது உதவும். ஆனால் அந்தத் திருத்தத்தைச் செய்வதற்கும் யாரோ ஒருவர் 71 இடங்களையும் படித்து, இது இரும்பு, இது கொட்டை, இது பருப்பு என்று முடிவு செய்தே ஆக வேண்டும். அந்த முடிவு இடம் மாறுகிறதே ஒழிய, வேலை குறைவதில்லை.

மரபுத்தொடர்கள் மூன்றையும் பாருங்கள். ஓர் அதிகாரத்தின் தலைப்பு ‘இன் எ நட்ஷெல்’. அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால், முந்திரி உடைக்கும் இயந்திரத்தின் கையேட்டில் ‘கொட்டையின் ஓட்டுக்குள்’ என்று ஒரு தலைப்பு வரும். படிப்பவர் அது இயந்திரத்தின் ஏதோ ஒரு பாகத்தைப் பற்றிய அதிகாரம் என்று நினைத்துத் தேடுவார். ‘சில சொற்களில்’ என்று பொருள்படும் ‘எம் போக்காஸ் பலாவ்ராஸ்’ என்பதை வைத்துவிட்டேன். ‘நட்ஸ் அண்ட் போல்ட்ஸ்’ என்று வரும் மற்ற இரண்டு இடங்களில் இரும்பும் இல்லை, முந்திரியும் இல்லை. அடிப்படைப் பராமரிப்பு என்பதே கருத்து. இவற்றை எந்தப் பட்டியலும் எனக்குக் காட்டித்தராது.

நெய்யூர் ஆசிரியை

தாவரவியல் கற்பித்தவள் என்பதால் ஓரிரு செய்திகள். ஆங்கிலத்தின் ‘நட்’ அடுக்களைச் சொல்லாகவும் தாவரவியல் சொல்லாகவும் ஒரே நேரத்தில் வழங்குவதுதான் பல குழப்பங்களுக்கு வேர். நிலக்கடலையை ஆங்கிலத்தில் ‘நட்’ என்கிறார்கள், அது பயறு வகை. முந்திரியில் நாம் பழம் என்று தின்பது சதைப்பற்றான காம்பு. அதன் அடியில் தொங்கும் கொட்டையே உண்மையான கனி. பிரேசிலில் ‘கஜு’ என்றால் பெரும்பாலும் அந்தச் சதைப்பகுதியே நினைவுக்கு வரும், ஏனெனில் அங்கே அதைச் சாறு பிழிந்து பெரிதும் பயன்படுத்துகிறார்கள். ஆங்கிலத்தில் ‘கேஷ்யூ’ என்றால் பருப்பு. ஒரே வேரிலிருந்து வந்த சொல் இரண்டு மொழிகளில் ஒரே மரத்தின் இரண்டு பாகங்களில் போய் நிற்கிறது. அந்த மரமும் பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியரால் 16ஆம் நூற்றாண்டில் நம் மேற்குக் கரைக்கு வந்ததுதான். பறங்கியரின் மாமரம் என்று பொருள்படும் பறங்கிமாவு என்ற மலையாளப் பெயர் அதை இன்றும் சொல்கிறது.

கையேட்டில் ஒவ்வாமை எச்சரிக்கை ஏதேனும் இருக்கிறதா? இருந்தால் அங்கே ‘கஸ்தாஞா’வும் போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு உணவு விவரச் சட்டத்தின் போர்ச்சுகீசிய வடிவத்தில், மரக்கொட்டைகள் அனைத்தையும் சேர்த்துக் கடின ஓடுடைய கனிகள் என்று பொருள்படும் ‘ஃப்ருத்தோஸ் த கஸ்கா ரிஜா’ என்றே எழுதியிருக்கிறார்கள்.

கருங்கல் மொழிபெயர்ப்பாளர்

டீச்சர், 31ஆம் பக்கத்தில் அத்தகைய எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. நீங்கள் சொன்ன தொடரையே வைக்கிறேன்.

நேற்று இந்த வேலையில் எனக்கு ஒரு தெளிவு பிறந்தது. எங்கள் பக்கத்து வீட்டு அம்மா இருபது ஆண்டுகளுக்கு மேல் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில் வேலை பார்த்தவர். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுப் புண்ணான விரல்களின் தழும்பு இன்றும் அவர் கைகளில் இருக்கிறது. கையேட்டின் வாக்கியங்களைத் தமிழில் சொல்லி, இந்த இடத்தில் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று அவரிடம் கேட்டேன். அவர் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. வேகவைப்பதும் உலர்த்துவதும் உடைப்பதும் அண்டி, போர்மா என்ற சூட்டறையில் வைப்பதும் தோல் உரிப்பதும் தரம் பிரிப்பதும் பருப்பு, முடுக்குவது நட்டு. ஆங்கிலம் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கும் மூன்றையும் அவர் பேச்சு எப்போதோ பிரித்துவிட்டது. அந்தப் பிரிவினை போர்ச்சுகீசியத்தின் பிரிவினையோடு அப்படியே பொருந்துகிறது. நான் ஐயத்தோடு பருப்பு என்று ஒதுக்கியிருந்த 12 இடங்களில் இரண்டை அவர் கொட்டை என்று திருத்தினார். வேகவைத்து ஆறவைத்திருக்கும் நிலையில் ஓடு இன்னும் போகவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. ஆகவே இப்போது கணக்கு இரும்பு 28, கொட்டை 29, பருப்பு 10.

இனி, தங்கிப்போன அந்த ஓர் இடம். 14ஆம் பக்கத்தில் இயந்திரத்தை இயக்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளில் ஒன்று: ‘தட்டில் லூஸ் நட்ஸ் எதுவும் இல்லை என்பதை உறுதி செய்யவும்.’ கழன்று விழுந்த இரும்பு நட்டுகளா, உதிர்ந்து கிடக்கும் கொட்டைகளா?

தக்கலை பட்டறைக்காரர்

இரும்புதான், ஐயமே வேண்டாம். கத்தியை மாற்றுகிறவர் கழற்றிய நட்டை எங்கே வைப்பார்? கைக்கு எட்டும் தட்டில்தான் வைப்பார். அதை மறந்து இயந்திரத்தை ஓட்டினால் கத்தி முறிந்து தெறிக்கும்.

பிசாவு போய்வந்தவர்

அண்ணாச்சி சொல்வதை மதிக்கிறேன், ஆனால் நான் கொட்டை என்றே படிக்கிறேன். முந்தைய நாள் மிஞ்சிய கொட்டை தட்டில் கிடந்தால் ஈரம் பிடித்துவிடும். மறுநாள் அதே நிலையில் உடைக்கும்போது ஓடு நசுங்கி, எண்ணெய் பருப்பில் ஏறி, மொத்தப் பருப்பும் தரம் இறங்கும். ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 வரை வரும் முழுப்பருப்பு ஒரு விலை, அது கறைபட்டால் வேறு விலை. அங்கே ஒரு சிறு ஆலைக்கு அந்த வேறுபாடுதான் பிழைப்பு.

நாகர்கோவில் நிரலர்

இதில் நாம் ஊகித்துப் பயனில்லை. ஆங்கிலப் பிரதியை எழுதியவர் யார் என்று கேட்டீர்களா? எங்கள் துறையில் மூல நிரல் புரியாவிட்டால் அதை எழுதியவரிடமே போய்விடுவோம்.

கருங்கல் மொழிபெயர்ப்பாளர்

தம்பியின் யோசனைப்படி இன்று காலை பட்டறைக்கே போய்வந்தேன். நான் மூலம் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆங்கிலமே ஒரு மொழிபெயர்ப்பு என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. உரிமையாளர் இயந்திரத்தைச் செய்த காலத்தில் ஒரு பழைய கணக்கேட்டில் தம் கைப்படத் தமிழில் குறிப்புகள் எழுதி வைத்திருக்கிறார். அவருடைய அக்காள் மகன் அவற்றைக் கொண்டு ஆங்கிலக் கையேட்டைத் தயாரித்திருக்கிறார். அந்த ஏட்டைக் கேட்டு வாங்கி, நம் வாக்கியம் இருக்கும் பக்கத்தைப் புரட்டினேன். பென்சிலில் இப்படி எழுதியிருந்தது: ‘ஓட்டும் முன்னே தட்டில் நட்டோ கொட்டையோ கிடக்கக் கூடாது.’

இரண்டையும்தான் அவர் எழுதியிருக்கிறார். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதால், மருமகன் அவற்றை ஒன்றாக்கிவிட்டார். அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தமிழில் இரண்டாக இருந்தது ஆங்கிலத்தில் ஒன்றாகி, என்னிடம் வந்து மீண்டும் இரண்டாகக் காத்திருந்தது. அண்ணாச்சியும் பிசாவுத் தம்பியும் ஆளுக்கு ஒரு பாதியைச் சரியாகப் படித்திருக்கிறீர்கள். போர்ச்சுகீசியத்தில் ‘நேம் போர்காஸ், நேம் கஸ்தாஞாஸ்’, நட்டும் கூடாது, கொட்டையும் கூடாது என்று எழுதிவிட்டேன்.

ஏட்டை நகல் எடுத்து வந்திருக்கிறேன். இந்த வாரம் முழுக்கக் கையேட்டை அதனோடு மீண்டும் ஒப்பிட்டுப் படிக்கப்போகிறேன். பிசாவுத் தம்பி, முடிந்ததும் உங்களுக்கு அனுப்பட்டுமா? அங்குள்ளவர்கள் வாசிப்பது போல ஒருமுறை வாசித்துச் சொல்ல வேண்டும்.

பிசாவு போய்வந்தவர்

அனுப்புங்கள், அக்கா. ஒரு வேண்டுகோள் உண்டு. அங்கே கையேட்டைப் படிக்கப்போகிறவர் மேற்பார்வையாளர் ஒருவர்தான். வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் கிரியோல் மொழியில் பேசுவார்கள், அவர் உரக்கப் படித்து அவர்களுக்கு விளக்குவார். ஆகவே 14ஆம் பக்கத்தில் அந்த வாக்கியத்தின் அருகே ஒரு நட்டையும் ஒரு கொட்டையையும் படமாக வரைந்து வைக்கும்படி பட்டறையில் சொல்லுங்கள்.

தக்கலை பட்டறைக்காரர்

நட்டை நான் வரைந்து தருகிறேன், அம்மா. மரையின் திசையும் தெரியும்படியாகவே வரைகிறேன்.